அமிர்தியில் நாம் காணத் தவறுவது

வேலூர்க் கடைவீதியில் இன்று வங்காளியும் ஹிந்தியும் சரளமாகப் புழங்குகின்றன. 1900-ஆம் ஆண்டில் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே படுக்கையுடன் ஆரம்பித்த வைத்தியசாலை வளர்ந்தோங்கி, வங்காளத்து நோயாளிகளையும் இங்கே வரவழைத்துவிட்டது. அவர்களுக்காகப் பலகையில் வங்க எழுத்து எழுதவும், அவர்கள் ருசிக்கு மீன் சமைக்கவும் நம் வியாபாரிகள் கற்றுக்கொண்டார்கள். பிழைப்பே பிறர் பாஷையைப் போதித்துவிடுகிறது!

ஆனால், சுமார் 25 கிலோமீட்டர் தூரத்திலுள்ள அமிர்தியை நாம் எவ்வாறு அறிந்திருக்கிறோம்? நம் பிள்ளைகள் அருவியையும் மிருகக்காட்சிசாலையையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். ஜவ்வாது மலையில் சாமை விதைத்து வாழும் மலையாளிகளைக் கேரளத்தார் என்றே பலர் எண்ணிவிடுகின்றனர். அவர்கள் பேசுவதோ தமிழ். தம் முன்னோர் காஞ்சீபுரத்திலிருந்து வந்தவர் என்பது அவர்களுடைய ஐதிகம்.

பாஷை ஒன்றாயிருந்தும் பழக்கமில்லை. மலையிலிருந்து நகரப் பள்ளிக்கு வரும் சிறுவனைச் சக மாணவர் "காட்டான்" என்று பரிகசித்தால், அவன் படிப்பையே கைவிடக்கூடும். அந்த நஷ்டம் அவனுடையது மட்டுமா? தேசத்தினுடையதும் அன்றோ?

உபாத்தியாயர்களாகிய நாம் செய்யத்தக்கது ஒன்றுண்டு. அடுத்த உல்லாசப் பயணம் அருவியோடு நின்றுவிட வேண்டாம். சாமை பயிராகும் விதத்தை மலைவாசிப் பெரியவர் ஒருவர் எடுத்துச் சொல்ல, நம் மாணவர் எதிரே அமர்ந்து கேட்கட்டும். லாபம் கருதி வங்காளியைக் கற்ற ஊர், அன்பு கருதி அண்டை அயலாரை அறியலாகாதா?