கல் இல்லாத பித்தப்பை வீக்கம்

பித்தப்பை வீங்கினால் கல்தான் காரணம் என்பது மக்களிடையே பரவியுள்ள எண்ணம். பெரும்பாலும் அது சரியே. ஆயினும், திடீரென உண்டாகும் பித்தப்பை அழற்சியில் நூற்றுக்கு 5 முதல் 10 வரை கல் இன்றியே தோன்றுகின்றன. எண்ணிக்கையில் குறைவாயினும் அபாயத்தில் இதுவே பெரிது.

கல்லீரலின் அடியில் அமைந்த சிறு பையே பித்தப்பை. நாம் உண்ணும்போது அது சுருங்கிப் பித்தநீரைக் குடலுக்கு அனுப்புகிறது. பல நாள் வாய்வழி உணவின்றிக் கிடப்பவருக்கு அச்சுருக்கம் ஏற்படுவதில்லை. பித்தநீர் தேங்கிக் கெட்டிப்படுகிறது. இரத்த அழுத்தமும் தாழ்ந்தால் பையின் சுவர் போதிய இரத்தம் பெறாமல் நைந்து வீங்குகிறது. பின்னர் கிருமிகளும் குடியேறுகின்றன.

பெருங்காயம், தீப்புண், பெரிய அறுவை சிகிச்சை, இரத்தத்தில் கிருமி பரவுதல் ஆகியவற்றால் தீவிர சிகிச்சையில் இருப்போரே இந்நோய்க்கு முதல் இலக்கு. நீரிழிவும் முதுமையும் அபாயத்தை மிகுவிக்கும். மறைமலை நகர் முதல் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வரை ஆலைகளும் கனரக வண்டிகளும் மலிந்த நம் பகுதியினர் இதனை அறிந்திருத்தல் நலம். டைபாய்டு, டெங்கு, சேற்று வயலில் இறங்குவோரைப் பற்றும் எலிக்காய்ச்சல், உண்ணிக்காய்ச்சல் ஆகியவற்றிலும் இவ்வழற்சி தோன்றுவதுண்டு.

டெங்குவில் மட்டும் ஒரு வேறுபாடு உண்டு. இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிவதால் பித்தப்பைச் சுவர் தடிக்கிறது. காய்ச்சல் தணியப் பெரும்பாலும் அதுவும் தானே வடிந்துவிடும். இரத்தத் தட்டணுக்கள் குறைந்திருக்கும் அவ்வேளையில் கத்தி வைத்தால் இரத்தப்போக்கு நேரக்கூடும். எனவே மருத்துவர் பொறுத்துப் பார்ப்பதை அலட்சியம் எனக் கருதலாகாது.

மற்றவர்க்கோ தாமதம் ஆகாது. பை அழுகலாம், சீழ் கட்டலாம், வெடித்து வயிறு முழுவதும் நஞ்சு பரவலாம். கடும் நோயாளிகளிடையே இதனால் இறப்போர் நூற்றுக்கு 30 அளவில் இருப்பதாக மருத்துவர்கள் மதிப்பிடுகின்றனர். கிருமிக்கொல்லி மருந்துடன் பையை அகற்றுவர்; அறுவை தாங்காதவருக்குத் தோல் வழியே குழாய் செலுத்திச் சீழை வடிப்பர்.

வலது விலாவின் கீழ் வலி, காய்ச்சல், வாந்தி, மஞ்சள் காமாலை ஆகியன இதன் குறிகள். மயக்க மருந்தில் இருப்பவர் வலியைச் சொல்ல இயலாது. புதிய காய்ச்சலும் வயிற்று உப்பலுமே அவர் சார்பில் பேசும். உடனிருக்கும் உறவினர் இவற்றைக் கண்டால் தயங்காமல் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். வயிற்று ஸ்கேனில் கல் இல்லை என்ற ஒரு சொல்லைக் கேட்டு, இக்குறிகள் தொடரும்போதும் வாளாவிருத்தல் கூடாது. 1965-இல் தொடங்கிய செங்கற்பட்டு அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை நமக்கு அணித்தே உள்ளது. காலத்தே செல்வோர்க்கே மருத்துவம் கைகொடுக்கும்.