‘ஃபோர்’ என்று கேட்டால் நிமிர்ந்து பார்க்காதீர்கள்

நம் ராஜ வீதிகளில் ‘ஃபோர்!’ என்று குரல் எழுந்தால், பிள்ளைகள் தலையை நிமிர்த்திப் பந்து போகும் திசையைப் பார்ப்பார்கள். அது கிரிக்கெட். உதகை போன்ற ஊர்களின் கோல்ஃப் மைதானங்களில் அதே ஒலிக்குப் பொருள் வேறு: திசை தவறிய பந்து வருகிறது, காத்துக்கொள்ளுங்கள் என்பது. விளையாடச் செல்வோரைவிட, புல் வெட்டவும் ஆட்டக்காரரின் பையைச் சுமக்கவும் செல்வோருக்கே இது முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

கோல்ஃப் பந்தின் விட்டம் ஏறத்தாழ 43 மில்லிமீட்டர். எடை 46 கிராம். கிரிக்கெட் பந்து பெரியது; முகத்தில் பட்டால் கண்குழியைச் சுற்றிய எலும்பே பெரும்பாலும் அடியைத் தாங்கும். கோல்ஃப் பந்தோ கண்குழியின் வாயளவே இருப்பதால் விழியையே நேராகத் தாக்கிவிடக்கூடும். 2018இல் பாரிசுக்கு அருகே நடந்த ரைடர் கோப்பைப் போட்டியில் பார்வையாளர் ஒருவர் இவ்வாறு ஒரு கண்ணின் பார்வையை இழந்தார். தமக்கு எச்சரிக்கை வரவில்லை என்றார் அவர். பலமுறை குரல் கொடுக்கப்பட்டது என்றனர் அமைப்பாளர்கள்.

ஆகவே பந்து விலகிய கணமே, அடித்தவர் கூச்சமின்றி உரக்கக் கூவ வேண்டும். முன்னால் செல்வோர் பந்து எட்டும் தொலைவைக் கடக்கும்வரை அடிக்கவே கூடாது. குரலைக் கேட்டவர் திரும்பிப் பார்க்காமல் குனிந்து, இரு கைகளாலும் தலையையும் முகத்தையும் மூடிக்கொள்ள வேண்டும்.

கண்ணில் பட்டுவிட்டால் தேய்க்காதீர்கள், அழுத்தாதீர்கள், கழுவாதீர்கள். காகிதக் கோப்பை ஒன்றை விழியில் படாதவாறு கவிழ்த்து ஒட்டி, உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம் என்பதால் வழியில் காப்பிகூடக் கொடுக்க வேண்டாம். ‘பார்வை தெரிகிறதே’ என்று மறுநாள்வரை காத்திருப்போரும் உண்டு. விழிக்குள் கசியும் இரத்தம் எப்போதும் வெளியே தெரிவதில்லை. தெருவில் கிட்டிப்புள் பட்டு அழுதுவரும் பிள்ளைக்கும் முதலுதவி இதுவே.