நின்றுவிடுவதும் விலகுவதும்: கல்லூரி உதவித்தொகை பற்றிச் சில செய்திகள்

மும்பையில் நம் பிள்ளைகள் கல்லூரியில் சேரும்போது வீட்டில் நடக்கும் ஆலோசனைக்கு அளவே கிடையாது. எந்தக் காலேஜ், எந்தப் பாடம், லோக்கல் ரயிலில் எத்தனை நேரம் என்று ஊரிலிருக்கும் சித்தப்பா வரை போன் போட்டுக் கேட்டுவிடுகிறோம். அதே பிள்ளை நடுவில் படிப்பை விடும்போது யாரையும் கேட்பதில்லை. "அவன் போறதில்லை ஸார், ரெண்டு மாசமாச்சு" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் ஞாயிற்றுக்கிழமைகளில் நம் சங்க அலுவலகத்தில் உதவித்தொகைப் படிவங்கள் நிரப்பித் தருகிறேன். அங்கே இந்த வாக்கியத்தை வருடத்துக்கு ஏழெட்டுத் தடவையாவது கேட்கிறேன்.

போகாமல் நின்றுவிட்ட மாணவன், கல்லூரிப் பதிவேட்டில் இன்னும் மாணவன்தான். வருகைச் சதவிகிதம் மட்டும் இறங்கிக்கொண்டே போகும். எழுதிக் கொடுத்து, தேதி போட்டு, முத்திரை வாங்கியவனே விலகியவன். நம் நாட்டில் ஸ்காலர்ஷிப், கல்விக் கடன், கட்டணத் திருப்பம் எல்லாமே இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கின்றன.

முதலில் கட்டிய பணம். பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிக்கையில் ஒரு அட்டவணை உண்டு. வகுப்பு தொடங்கிய நாளை அது பார்ப்பதில்லை. அட்மிஷனுக்கென்று முறையாக அறிவிக்கப்பட்ட கடைசித் தேதியைத்தான் பார்க்கிறது. உதாரணமாக, கட்டணம் 60,000 ரூபாய், கடைசித் தேதி ஆகஸ்ட் 31 என்று வைத்துக்கொள்வோம். ஆகஸ்ட் 16க்குள் எழுதிக் கொடுத்தால் முழுத் தொகையும் திரும்ப வேண்டும். அதிகபட்சம் 5 சதவிகிதம், அதுவும் 5,000 ரூபாய்க்கு மேற்படாமல் பிடிக்கலாம். ஆகஸ்ட் 31 வரை என்றால் 90 சதவிகிதம், 54,000. செப்டம்பர் 15 வரை 48,000. செப்டம்பர் 30 வரை 30,000. அக்டோபர் 1 அன்று போய் நின்றால் ஒன்றுமில்லை. ஒரு மாதத்தில் அரை லட்சத்துக்கு மேல் கரைந்துபோகிறது பாருங்கள். காஷன் டெபாசிட் இந்தக் கணக்கில் சேராது. அது எப்போது விலகினாலும் தனியாகத் திரும்ப வேண்டிய பணம். எழுத்து மூலம் விண்ணப்பம் கிடைத்த 15 நாட்களுக்குள் கல்லூரி பணத்தைத் தரவேண்டும் என்றும் அதே அறிவிக்கை சொல்கிறது. விண்ணப்பமே இல்லையென்றால் அந்தப் பதினைந்து நாள் எங்கிருந்து தொடங்கும்?

சில வருடங்களில் இந்த அட்டவணையைவிடத் தாராளமாகவும் உத்தரவு வருவதுண்டு. 2022-23ல் அக்டோபர் 31 வரை விலகியவர்களுக்கு முழுத் தொகை, டிசம்பர் 31 வரை விலகியவர்களுக்கு 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது என்று ஆணை வந்தது. அந்தந்த வருட ஆணையைப் பார்த்துக்கொள்வது நல்லது. பொறியியல் கல்லூரிகளுக்கு ஏ.ஐ.சி.டி.ஈ. விதி தனி. அதையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்று. "நாலு வருஷ ஃபீஸையும் கட்டினால்தான் ஒரிஜினல் சர்ட்டிபிகேட்" என்று மிரட்டும் கல்லூரிகள் உண்டு. சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தரவேண்டும், படிக்கப் போகும் செமஸ்டர் அல்லது வருடத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்பதும் 2018 அறிவிக்கையிலேயே இருக்கிறது. அதன் ஒரு பிரதியைக் கையில் எடுத்துக்கொண்டு போனால் கிளார்க்கின் குரல் சற்றுத் தணிவதை நானே கண்டிருக்கிறேன்.

இனி ஸ்காலர்ஷிப். பன்னிரண்டாம் வகுப்பில் தங்கள் போர்டில் 80ஆம் பெர்சென்டைலுக்கு மேல் வந்த பிள்ளைகளுக்கு மத்திய அரசு தருவது ஒன்று. குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும்; பட்டப்படிப்புக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய். இடங்கள் போர்டு வாரியாகப் பிரிக்கப்படுவதால், இங்கே எச்.எஸ்.சி. எழுதிய நம் பிள்ளைக்கு மகாராஷ்டிராவின் பங்கில்தான் இடம். வீட்டில் பேசும் மொழிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வாங்குவது எளிது, காப்பாற்றுவதுதான் பாடு. ஒவ்வொரு ஆண்டும் புதுப்பிக்க 50 சதவிகித மதிப்பெண்ணும் 75 சதவிகித வருகையும் வேண்டும்.

மும்பைக் குடும்பங்கள் இங்கேதான் இடறுகின்றன. காரணம், ஏ.டி.கே.டி. இரண்டு பாடம் போனாலும் அடுத்த வகுப்புக்கு ஏற்றிவிடுவார்கள் என்ற நிம்மதியில், பிடிக்காத பாடத்தின் வகுப்புக்குப் போவதைப் பையன் நிறுத்திவிடுகிறான். கல்லூரி ஏற்றிவிடும், உண்மைதான். ஆனால் கல்லூரியின் அளவுகோல் வேறு, ஸ்காலர்ஷிப்பின் அளவுகோல் வேறு. அடுத்த வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பையனுக்கு 50 சதவிகிதம் இல்லையென்றால் உதவித்தொகை நின்றுவிடும். சரி, தபால் வழியில் படித்துக்கொள்ளட்டும் என்று மாற்றினாலும் இந்த உதவி தொடராது. அது ரெகுலர் படிப்புக்கு மட்டுமே.

பட்டியல் இனப் பிள்ளைகளுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் வெளிமாநிலத் தமிழர்களுக்கு ஒரு கூடுதல் முடிச்சு இருக்கிறது. வருமான வரம்பு 2.5 லட்சம். மாணவர் எந்த மாநிலத்தைச் சேர்ந்தவரோ அந்த மாநில அரசுதான் தரவேண்டும்; கல்லூரி எங்கே இருக்கிறது என்பது பொருட்டல்ல. குடியரசுத் தலைவரின் ஆணை வந்த 1950 ஆகஸ்ட் 10 அன்று குடும்பத்தின் நிரந்தர இருப்பிடம் எது என்பதே அளவுகோல். பிறகு குடிபெயர்ந்தவர்கள் புதிய மாநிலத்தின் சலுகையைக் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1990லும், மகாராஷ்டிரா வழக்கிலேயே 1994லும் சொல்லிவிட்டது. ஆக, தாத்தா அந்தத் தேதிக்கு முன்பே தாராவியில் குடியிருந்ததற்குத் தாள் இருந்து, சாதியும் இம்மாநிலப் பட்டியலில் இருந்தால் ஒரு வழி. இல்லையென்றால் தமிழ்நாட்டின் ஆதிதிராவிடர் நலத்துறையைத்தான் நாட வேண்டும். பழைய ரேஷன் கார்டையும் வாடகை ரசீதையும் குப்பையில் போடாதீர்கள் என்று நான் தொண்டை வறளச் சொல்வது இதற்காகத்தான். படிப்பை ஆண்டின் நடுவில் விட்டால், அவ்வாண்டில் பெற்ற தொகையை மாநில அரசு திரும்பக் கேட்கலாம் என்ற விதியும் இத்திட்டத்தின் நெறிமுறைகளில் இருந்துவந்திருக்கிறது. கட்டாயம் கேட்கும் என்றில்லை. அது அதிகாரியின் முடிவு. அந்த அதிகாரி சென்னையில், பிள்ளை மும்பையில். விலகிய காரணத்தை விளக்கி ஒரு கடிதம்கூட அங்கே போகவில்லையென்றால் அவர் எதை வைத்து முடிவு செய்வார்?

கல்விக் கடன் என் பழைய தொழில், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 2001ல் வங்கிகள் சங்கம் வகுத்த மாதிரித் திட்டம்தான் இன்றைய கடன்களுக்கு அடிப்படை. படிப்புக் காலத்திலும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம், வட்டி மட்டும் ஏறும். பெற்றோர் வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் அந்த வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் 2009 முதல் இருக்கிறது. வருடம் ஒரு லட்சம் வீதம் 4 லட்சம் கடன், 10 சதவிகிதத் தனிவட்டி என்று வைத்தால், ஐந்தாம் ஆண்டு முடிவில் வட்டி மட்டும் 1,40,000 ரூபாய். அரசு சுமப்பது இத்தனை பெரிய தொகை. ஆனால் படிப்பை நடுவில் விட்டவர்களுக்கும், ஒழுங்கு நடவடிக்கையாலோ தேர்ச்சிக் குறைவாலோ நீக்கப்பட்டவர்களுக்கும் இந்தச் சலுகை இல்லை. ஒரே விலக்கு நோய். அதற்கும் கல்லூரித் தலைவர் திருப்தி அடையும்படியான மருத்துவச் சான்றுகள் வேண்டும். ஒரு மாணவருக்கு ஒரு முறைதான் இந்தச் சலுகை என்பதும் நினைவிருக்கட்டும்.

எங்கள் பகுதிப் பெண் ஒருத்திக்கு இரண்டாம் ஆண்டில் காசநோய். "புள்ள உசுரு பொழச்சதே போதும் அண்ணாச்சி, லோனை யாரு நெனச்சா" என்றார் தகப்பனார். நியாயமான பேச்சு. நல்ல வேளையாக ஆஸ்பத்திரிச் சீட்டுகள் அத்தனையும் ஒரு ஜவுளிக்கடைப் பையில் பத்திரமாக இருந்தன. அந்தப் பெண்ணை விலக வைக்க வேண்டிய தேவையே இல்லை என்று அப்போதுதான் விளக்கினேன். மாதிரித் திட்டத்தில், குறித்த காலத்தில் படிப்பை முடிக்க முடியாதவர்களுக்கு இரண்டு வருடம் வரை நீட்டிப்புத் தரலாம் என்று இருக்கிறது. ஓராண்டு இடைவெளி கேட்டு முதல்வருக்கு ஒரு கடிதம், அவர் கையெழுத்தோடு வங்கிக்கு ஒரு பிரதி. கடன் உயிரோடு நின்றது, அடுத்த ஜூனில் அவள் திரும்ப வகுப்புக்குப் போனாள்.

உண்மையிலேயே விடத்தான் வேண்டும் என்றாலும், வங்கி அன்றே கழுத்தைப் பிடிக்காது. நடுவில் நிறுத்தியவர்களுக்கு மாணவரையும் பெற்றோரையும் கலந்து பேசித் தவணைகளை வகுக்க வேண்டும் என்பதும் அத்திட்டத்திலேயே உள்ள வாசகம். கலந்து பேச நாம் போகவேண்டும். அடுத்த செமஸ்டர் தொகையைக் கேட்டு யாரும் வராததால் மேனேஜர் தானாகத் தெரிந்துகொள்ளும் நிலை வந்தால், பேச்சின் சுருதியே மாறிவிடும். பெற்றோரும் கூட்டுக் கடன்தாரர் என்பதால், 90 நாள் தவணை நின்றால் கறுப்புப் புள்ளி அப்பாவின் பெயரிலும் விழும். தங்கைக்குக் கடன் கேட்கும் நாளில் அது முன்னால் வந்து நிற்கும்.

கடைசியாக, விடுவதென்றால் எப்போது விடுவது? புதிய கல்விக் கொள்கைப்படி 2022 டிசம்பரில் வந்த பட்டப்படிப்புச் சட்டகத்தை ஏற்ற பல்கலைக்கழகங்களில் முதல் ஆண்டு முடித்து 40 கிரெடிட்டும், கோடை விடுமுறையில் 4 கிரெடிட் தொழிற்பாடம் ஒன்றும் முடித்தவருக்கு ஒரு சான்றிதழ் உண்டு. மூன்று ஆண்டுகளுக்குள் திரும்பி வந்து சேரலாம், மொத்தம் ஏழு ஆண்டுகளுக்குள் பட்டத்தை முடிக்கலாம். பிப்ரவரியில் மனம் வெறுத்துப்போன பிள்ளையிடம், இன்னும் இரண்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு பரீட்சை எழுதிவிட்டு நின்றுகொள் என்று சொல்லிப் பாருங்கள். பிப்ரவரியில் நின்றால் அந்த செமஸ்டரின் கிரெடிட் போச்சு; மே மாதம் நின்றால் கையில் ஒரு தாள் இருக்கும், திரும்பி வரக் கதவும் திறந்திருக்கும்.

கடிதம் எழுதத் தெரியவில்லை, இங்கிலீஷ் வராது என்ற தயக்கம் வேண்டாம். மராத்தியிலும் இந்தியிலும்கூட எழுதித் தரலாம். ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் சங்கத்தில் இருப்பேன். வரும்போது கட்டண ரசீது, அட்மிஷன் அறிவிப்பு, கடன் அனுமதிக் கடிதம் மூன்றையும் எடுத்து வாருங்கள். பிள்ளையையும் கூட்டி வாருங்கள்.