கல்யாண வீட்டுத் துப்பாக்கிச் சத்தம்

கல்வராயன் மலையில் ஒரு காலத்தில் கல்யாணம் நடந்தால் வானத்தைப் பார்த்துத் துப்பாக்கி சுடுவார்கள். ஊரைக் கூட்டவோ திருஷ்டி கழிக்கவோ சுட்ட வேட்டு என்று நினைத்துவிட வேண்டாம். அது ஒரு சாவுக்கான சத்தம். தென் ஆற்காடு மாவட்ட கெசட்டியரை 1906இல் எழுதிய பிரான்சிஸ் இதைக் குறித்து வைத்திருக்கிறார். மலையில் முன்பு வேடர்கள் இருந்தார்களாம். கீழ்நாட்டிலிருந்து ஏறி வந்தவர்கள் வேடர் ஆண்களைக் கொன்று, அவர்கள் வீட்டுப் பெண்களைக் கட்டிக்கொண்டார்களாம். மணப்பெண்ணின் வேடப் புருஷன் செத்துவிட்டான் என்று காட்டத்தான் அந்த ஒரு குண்டு.

இதை முதன்முதலில் படித்த அன்று வெகுநேரம் அந்தப் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. எந்தக் குடும்பமும் பூர்வீகத்தைச் சொல்லும்போது பெருமைக்குரியதைத்தான் சொல்லும். இங்கே ஒரு சமூகம், தான் செய்த கொலையைத் தலைமுறை தலைமுறையாகத் தன் கல்யாணப் பந்தலிலேயே அறிவித்துக்கொண்டிருந்திருக்கிறது.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகப் போய், கோமுகி அணையைத் தாண்டி வளைந்து வளைந்து ஏறினால் வெள்ளிமலை. மரவள்ளியும் சாமையும் விளைகிற ஊர்கள். இங்கே இருப்பவர்கள் மலையாளிகள். கேரளத்துக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்பவர் மலையாளி. பேசுவது தமிழ், பட்டம் கவுண்டர். தமிழகப் பழங்குடிகளில் எண்ணிக்கையில் பெரியவர்கள் இவர்கள்தான். 2011 கணக்கெடுப்பில் மூன்றரை இலட்சத்தைத் தாண்டினார்கள். சேர்வராயன், கொல்லிமலை, பச்சைமலை, ஜவ்வாது என்று கிழக்குத் தொடர்ச்சி மலை நெடுகப் பரவியிருக்கிறார்கள். எந்த மலையில் கேட்டாலும் பூர்வீகம் என்று ஒரே ஊரைத்தான் சொல்வார்கள். காஞ்சிபுரம்.

எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய நூலில் அந்தக் கதை வருகிறது. கரியராமன் என்ற தெய்வத்துக்குக் காஞ்சியில் இருப்புக் கொள்ளவில்லை. புறப்பட்டுவிட்டது. பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்ற மூன்று பேர் பெண்டு பிள்ளைகளோடு சாமியைத் தேடிப் பின்னாலேயே கிளம்பினார்கள். சேலம் சீமைக்கு வந்ததும் வழி பிரிந்தது. பெரியண்ணன் சேர்வராயனுக்கும், நடுவண்ணன் பச்சைமலைக்கும், சின்னண்ணன் மஞ்சவாடிப் பக்கமும் போனார்கள். மலைக்கு மலை இந்தப் பங்கீடு மாறும். காஞ்சி மட்டும் மாறாது. பெரிய கல்வராயனில் கரியராமருக்கு இன்றும் கோயில் இருக்கிறது.

தமிழருக்கு வம்சம் தேடத் தெரியாது, நம்மிடம் பதிவேடு இல்லை என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். புதிதாக ஒருவரைப் பார்த்தால் நாம் கேட்கிற கேள்வி ஒன்று இருக்கிறதே: "உங்களுக்குக் குலதெய்வம் எங்கே?" அந்த ஒற்றைப் பதிலில் பங்காளி யார், மாமன் மச்சான் யார், பாட்டன் எங்கிருந்து வந்தான் என்பதெல்லாம் அடங்கிவிடும். ஊரைவிட்டுப் போகிறவர்கள் சாமி இருந்த இடத்தில் ஒரு பிடிமண் எடுத்துப் போய், போன இடத்தில் அதை வைத்துக் கோயில் எழுப்புவார்கள். மனிதர் போகிற இடத்துக்கு மண் போகும். மலையாளிகள் கதையிலோ சாமி முன்னால் போகிறது, மனிதர்கள் பின்னால் போகிறார்கள்.

காஞ்சியிலிருந்து சாமி வெளியேறியது வெறும் கற்பனை என்று தள்ளிவிடவும் முடியாது. 1688 வாக்கில், ஔரங்கசீப்பின் படைக்குப் பயந்து வரதராஜப் பெருமாளின் உற்சவ மூர்த்தியை உடையார்பாளையம் காட்டுக்குக் கொண்டுபோனார்கள். இருபது வருஷத்துக்கு மேல் அங்கேயே இருந்தார். 1710இல்தான் காஞ்சி திரும்பினார். திரும்புவதற்குப் படைபலம் கொடுத்தவர், ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானிடம் பணிபுரிந்த லாலா தோடர்மால். கோயிலில் கல்வெட்டும் இருக்கிறது, தோடர்மாலுக்குச் சிலையும் இருக்கிறது. கரி என்றால் கருப்பு. யானைக்கும் அதே பெயர். வரதர் நிற்கும் குன்றை அத்திகிரி என்றும் கரிகிரி என்றும் சொல்வார்கள். கரியராமனின் பெயரில் அந்தக் குன்றின் நினைவு ஒட்டியிருக்குமோ என்று எனக்குத் தோன்றுகிறது. தேதியைக் கொண்டுபோய் இதில் பொருத்தப் பார்க்கக் கூடாது. முகமதியர் ஆட்சிக் காலத்தில், பத்துத் தலைமுறைக்கு முன் வந்தோம் என்று சேர்வராயன் மலையாளிகள் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. பாட்டனுக்குப் பாட்டனைத் தாண்டிவிட்டால் மலைக்கணக்கில் எல்லாமே பத்துத் தலைமுறைதான்.

ஏறத்தாழ அதே வருஷங்களில் இன்னொரு கூட்டமும் சாமியின் பெயரால் ஊரைவிட்டு ஓடிக்கொண்டிருந்தது. 1685இல் பிரான்சின் பதினான்காம் லூயி, சீர்திருத்தக் கிறிஸ்தவர்களுக்கு நாந்த் நகரில் 1598இல் தரப்பட்ட உரிமைச் சாசனத்தை ரத்து செய்தான். ஹ்யூகனாட்டுகள் என்ற அந்த மக்களில் சுமார் இரண்டு இலட்சம் பேர் நாட்டைவிட்டு வெளியேறினார்கள். ஒரு பகுதியினர் அயர்லாந்துக்குப் போய் டப்ளினிலும் போர்ட்டார்லிங்டனிலும் குடியேறினார்கள். லிஸ்பர்னில் லினன் துணி நெசவை வளர்த்தார்கள். இன்றைக்கும் அயர்லாந்தில் பல குடும்பங்களில், பெயரில் கொஞ்சம் பிரெஞ்சு வாடை அடித்தால் போதும், நம் முன்னோர் ஹ்யூகனாட்டாக இருக்கலாம் என்று தாத்தா பாட்டி சொன்ன கதை இருக்கும். சரிபார்க்க வழி குறைவு. 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுச் சண்டையில் டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் கட்டடம் தீப்பிடித்தபோது ஆவணக் காப்பகமே எரிந்துபோனது. குடிக்கணக்கு, உயில், தேவாலயப் பதிவேடு என்று பெரும்பகுதி சாம்பலானது. மிஞ்சியது பெயரும் வீட்டுக் கதையும்.

நார்மண்டியின் கான் நகரத்திலிருந்து அப்படி அயர்லாந்து போய்ச் சேர்ந்த குடும்பங்களில் ஒன்றின் பெயர் லெ ஃபானு. பேய்க்கதைகளால் புகழ்பெற்ற ஷெரிடன் லெ ஃபானு அந்தக் குடும்பத்துப் பிள்ளை. கல்வராயனின் மேற்குச் சரிவையும் தன் எல்லைக்குள் வைத்திருந்த சேலம் மாவட்டத்தைப் பற்றி 1883இல் இரண்டு தொகுதிகளாகக் கையேடு தொகுத்த அதிகாரியின் பெயரும் எச். லெ ஃபானுதான். அகதிகளின் பெயரைச் சுமந்த ஒருவர், காஞ்சியிலிருந்து வந்தோம் என்று சொல்கிற மலைக்குடிகள் வாழ்ந்த மாவட்டத்தை எழுதியிருக்கிறார். நூலகத்தில் அந்தப் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

மதத்துக்காக ஓடிவந்தோம் என்பது கௌரவமான கதை. பஞ்சத்துக்கு, கடனுக்கு, வரிக்கு, பங்காளிச் சண்டைக்கு ஓடியவர்கள்கூட நாலு தலைமுறை கழித்து அதைத்தான் சொல்வார்கள். தாங்கள் காஞ்சி வேளாளர் என்று மலையாளிகள் சொல்வதிலும் அந்தக் கௌரவம் கலந்திருக்கலாம். ஆனால் அவர்கள் கதையில் கௌரவத்துக்கு ஒத்துவராத துண்டுகளும் அப்படியே இருக்கின்றன. அதனால்தான் அதை நம்பத் தோன்றுகிறது.

ஜவ்வாது மலையில் சொல்லும் கதையைப் பாருங்கள். கங்குந்தி வேடர்கள் காஞ்சி வேளாளரிடம் பெண் கேட்டார்கள். ஏளனமாக மறுத்துவிட்டார்கள். வேடர்கள் ஏழு பெண்களைத் தூக்கிப் போனார்கள். மீட்க ஏழு ஆண்கள் ஏழு நாய்களோடு கிளம்பினார்கள். நாய் மட்டும் திரும்பி வந்தால் நாங்கள் செத்தோம் என்று கருமாதி செய்துவிடுங்கள் என்று மனைவிகளிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். பாலாற்றில் வெள்ளம். ஆட்கள் எப்படியோ அக்கரை ஏறிவிட்டார்கள். நாய்கள் பாதி ஆறு நீந்திப் பார்த்துவிட்டு, முடியாமல் வீட்டைப் பார்த்துத் திரும்பின. ஈரம் காயாத நாய்களைக் கண்டதும் வீட்டில் தாலியை இறக்கிக் காரியமும் செய்துவிட்டார்கள். வேடர்களைக் கொன்று திரும்பியவர்களுக்கு ஊரில் இடமில்லை. செத்தவர்களுக்கு ஏது வீடு? வேடர் பெண்களைக் கட்டிக்கொண்டு மலையேறினார்கள்.

இரண்டு மலைக் கதைகளும் ஒன்றைத்தான் சொல்கின்றன. அப்பன் வழி காஞ்சி என்றால் அம்மா வழி மலை. சாமையை எந்தச் சரிவில் விதைப்பது, எந்தக் கிழங்கைத் தோண்டலாம், கோடையில் எந்தச் சுனை வற்றாது என்பதெல்லாம் கீழ்நாட்டிலிருந்து வந்தவனுக்கு எப்படித் தெரியும்? அவள்தான் சொல்லிக் கொடுத்திருப்பாள். வந்த மூவருக்கும் பெயர் இருக்கிறது. நாய்கள் ஏழு என்று எண்ணிக்கை இருக்கிறது. அந்தப் பெண்களில் ஒருத்தியின் பெயரும் இல்லை.

காகிதத்தில் தேடலாம் என்றால் மலையில் காகிதமே தாமதமாகத்தான் வந்தது. கடல் தாண்டியவர்களுக்காவது பதிவு உண்டு. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்த 'ட்ரூரோ' கப்பல் தொடங்கி 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போன 1,52,184 ஒப்பந்தக் கூலிகளுக்கும் எண், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம் என்று வரிசையாக எழுதி வைத்திருக்கிறார்கள். கல்வராயனோ சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்ற மூன்று ஜாகிர்தார்களின் பிடியில் 1976 வரை இருந்தது. உழுத நிலத்துக்குப் பட்டா இல்லாமல், ஜாகிருக்கு வரியும் கட்டாய உழைப்பும் கொடுத்து வாழ்ந்தவர்களுக்குப் பூர்வீகத்தைக் காட்ட எந்த ஏட்டைப் புரட்டுவது? கள்ளக்குறிச்சியில் நடந்த கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து கல்வராயன் மக்களின் நிலையை விசாரணைக்கு எடுத்தபோதுதான் இந்த ஜாகிர் வரலாறு வெளியுலகின் காதில் விழுந்தது.

காகிதம் இன்று அவர்களை விடுவதும் இல்லை. பழங்குடிப் பட்டியலில் மலையாளி என்ற பெயருக்கு எதிரே சேலம், தர்மபுரி, தென் ஆற்காடு என்று பழைய மாவட்டங்கள் சில இருக்கின்றன. தென் ஆற்காடு உடைந்து விழுப்புரம் ஆகி, 2019இல் கள்ளக்குறிச்சியும் பிரிந்துவிட்டது. இங்கே பிறந்த பிள்ளையின் சாதிச் சான்றிதழுக்கு ஆதாரம் வரைபடத்திலேயே இல்லாத அந்தத் தென் ஆற்காடுதான். ஈரோட்டு மலைகளில் இருக்கும் மலையாளிகளின் மாவட்டம் பட்டியலில் இல்லை. அதே காஞ்சிக் கதையைச் சொல்லும் மக்கள் இத்தனை வருஷமாகச் சான்றிதழுக்குப் போராடிக்கொண்டிருக்கிறார்கள்.

கரியராமனைப் பற்றிக் கேட்க மலையேறுகிறவர்கள் ஊர்க்கவுண்டரையும் பூசாரியையும்தான் தேடிப் போகிறார்கள். பெரியண்ணன் கதையை அவர்கள் சொல்வார்கள். அடுப்படியிலும் சாமைக் களத்திலும் இருக்கிற கிழவிகளிடம் உட்கார்ந்து, "ஆத்தா, உன் அம்மா எந்த ஊரு? அவள் அம்மா எந்த ஊரு?" என்று மேலே மேலே கேட்டுப்போக வேண்டும். நாலு பெயர் கிடைக்கும், அதிர்ஷ்டம் இருந்தால் அஞ்சு. அந்தப் பெயர்களை எழுதி வைக்க ஒரு நோட்டுப் புத்தகம் போதும். கிழவிகள் இன்னும் இருக்கிறார்கள்.