வாசலில் நின்று பார்த்தோமா?

மும்பையில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் சத்ரபதி சிவாஜி மகராஜ் ரயில் நிலையத்தை அறியாத குடும்பம் இராது. நம்மில் பலருடைய தந்தையரும் பாட்டனாரும் தகரப் பெட்டியும் கையுமாக வந்து இறங்கியது இங்கேதான். ஆயினும் அக்கட்டிடத்தை நாம் பார்த்திருக்கிறோமா என்று கேட்டால் விடை கூறத் தயக்கமாகவே இருக்கிறது. இதை எழுதும் நாமும் ஒரு ரயில்வே குமாஸ்தா. பன்னிரண்டு ஆண்டுகளாக இந்நிலையத்தின் வழியாகவே வேலைக்குச் சென்று வருகிறோம்.

சென்ற மாதம் ஒரு பிற்பகல் விடுப்பு எடுத்துக்கொண்டு, புகைப்படத்தில் ஆசை மிகுந்த நம் பத்து வயதுப் புதல்வனுடன், வழிகாட்டி ஒருவர் அழைத்துச் சென்ற சிறு குழுவில் சேர்ந்து அதைச் சுற்றி வந்தோம்.

கட்டிடம் மேற்கு நோக்கியது. ஆகவே பிற்பகல் வெயில் முகப்பில் நேராக விழுந்து, கல்லில் செதுக்கிய ஒவ்வொன்றையும் எடுத்துக் காட்டுகிறது. வாயில் தூண்களில் ஒன்றின்மேல் சிங்கம், மற்றொன்றின்மேல் புலி. சிங்கம் பிரிட்டனையும் புலி இந்தியாவையும் குறிக்குமாம். கூரைக் கோபுரத்தின் உச்சியில் ஒரு கையில் தீவட்டியும் மறு கையில் சக்கரமும் ஏந்திய பெண்ணுருவம். அதற்கு 'முன்னேற்றம்' என்று பெயர். முகப்பில் பல வகைத் தலைப்பாகை அணிந்த முகங்கள்.

"அப்பா, இவர்கள் யார்? நீங்கள் தினமும் பார்ப்பீர்களே!" என்றான் பையன். நமக்கு விடை தெரியவில்லை; வெட்கமாயிருந்தது. வழிகாட்டிதான் விளக்கினார். இந்திய மக்களின் பல பிரிவினரைக் குறிப்பவை அம்முகங்கள். ரயில் கம்பெனியைச் சார்ந்த பெருமக்களான ஜகந்நாத் சங்கர்சேட், ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய் ஆகியோரின் உருவங்களும் முகப்பில் உண்டு. சிற்ப வேலைகளில் பங்கு கொண்டவர்கள் இந்நகரின் ஜே. ஜே. கலைப்பள்ளி மாணவர்கள்.

1853 ஏப்ரல் 16 அன்று இவ்விடத்தருகே இருந்த போரிபந்தரிலிருந்துதான் நாட்டின் முதல் பிரயாணி ரயில் 34 கிலோமீட்டர் ஓடித் தாணாவை அடைந்தது. எஃப். டபிள்யூ. ஸ்டீவன்ஸ் வரைந்த இக்கட்டிடத்தின் வேலை 1878-இல் தொடங்கிப் பத்து ஆண்டுகள் நடந்தது. விக்டோரியா டெர்மினஸ் என்ற பழைய பெயர் 1996-இல் மாறியது. 2004-இல் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

உள்ளே கூரைக் கோபுரத்தின் அடியில், ஒரு பக்கம் மட்டுமே சுவரில் ஊன்றிய கற்படிகள் மேலே ஏறிச் செல்கின்றன. வண்ணக் கண்ணாடிச் சன்னல்களின் ஒளி அவற்றின்மேல் விழுகிறது. இங்கே காமிராவைச் சற்று நேரம் அசையாமல் பிடிக்க வேண்டும். கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றிக்கொண்டால் படம் கலங்காது.

கடைசியாக, உள்ளூர் ரயில்களுக்குச் சீட்டு வழங்கும் மண்டபம். அதன் விதானம் நீலம். அதில் பொன் நட்சத்திரங்கள். 1984-இல் தென்னாட்டிலிருந்து வந்த நம் தந்தையார், மாமா வீட்டுக்குப் போக முதல் சீட்டு வாங்கியது இம்மண்டபத்தில்தான். அக்கதையைப் பலமுறை கூறியிருக்கிறார். பெட்டியைக் களவு கொடுத்துவிடுவோமோ என்று நடுங்கியதைக் கூறுவார். நட்சத்திரங்களைப் பற்றி ஒருநாளும் கூறியதில்லை. அவர் தலை நிமிர்ந்து பார்த்திருக்க மாட்டார். இன்று கேட்டறிய அவரும் இல்லை.

வரிசை கலையட்டும், பிறகு எடுக்கலாம் என்று பையன் காத்து நின்றான். "வேண்டாம், வரிசையும் படத்தில் இருக்கட்டும்; உன் தாத்தாவும் அப்படித்தான் நின்றார்" என்றோம். மூட்டையுடன் நிற்பவர்களின் முதுகும் மேலே நட்சத்திரங்களும் சேர்ந்து அப்படம் அமைந்தது.

அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊரிலிருந்து உறவினர் வந்தால் நிலையத்திலிருந்து விரைந்து அழைத்துச் சென்றுவிடாதீர்கள். பெட்டியை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். அவர்கள் சற்று நிமிர்ந்து பார்க்கட்டும்.