அடுத்து என்ன வரும்?

டீயைக் குடி தாயி, நிதானமாகவே சொல்கிறேன். உன் மகள் சிவப்பு, பச்சை, சிவப்பு, பச்சை என்று மணி கோத்துக் காட்டினால் பாராட்டிவிட்டு எழுந்து போய்விடாதே. இதில் திரும்பத் திரும்ப வருவது எது என்று கேள். சிவப்பும் பச்சையுமான சோடியை அவளே பிரித்துக் காட்ட வேண்டும். பிறகு சிவப்பு, சிவப்பு, பச்சை என்று நீ ஆரம்பித்து வை. கொஞ்சம் தடுமாறுவாள், தடுமாறட்டும்.

மணிதான் வேண்டும் என்றில்லை. நம் ஊர் பொட்டிப்புரத்தில் விடிந்தால் வாசலில் கோலம் இருக்கிறது. இடுக்குப் புள்ளி வை: 1, 2, 3, 2, 1. எண்ணினால் 9. நாலு வரை ஏறி இறங்கினால் 16. ஐந்து வரை போனால் எத்தனை வரும் என்று, புள்ளி வைக்கும் முன்பே கேள். 25 என்று சொல்லத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, வைத்துப் பார்த்து எண்ணட்டும். அப்புறம் முதல் கோலத்தைச் சாய்வாக நின்று பார்க்கச் சொல். மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று புள்ளி தெரியும். வாய்ப்பாடு அங்கேதான் கிடக்கிறது! சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணியும் அவரோடு ஆய்வு செய்தவர்களும் 1970களில் கோலத்தின் ஒழுங்கைக் கணினி அறிவியலுக்கான இலக்கண விதிகளாகவே எழுதினார்கள். நம் வாசல் சங்கதி அவ்வளவு ஆழமானது.

எழுத்துக்கு வருவோம். கா, சா, தா மூன்றையும் காட்டிவிட்டு, 'மா' எப்படி எழுதுவாய் என்று கேள். துணைக்காலைப் பிடித்துக்கொண்டு தானாக எழுதிவிடுவாள். 1978க்கு முன்னால் இந்த ஊகம் ணா, றா, னாவில் தோற்றிருக்கும். அவற்றுக்குத் தனி வடிவம் இருந்தது. பெரியார் வலியுறுத்திய சீர்திருத்தத்தை அந்த ஆண்டு தமிழக அரசு ஏற்றதால் இன்றைய பிள்ளைக்கு அந்தச் சிக்கல் இல்லை.

உகர வரிசையில் மட்டும் இன்னும் இடறும். கு, டு, மு, ரு வளைந்து திரும்பும். சு, பு, யு, வு கோடாகக் கீழே இறங்கும். து, நு, லு, னு கால் வைத்து நிற்கும். 'கு'வைப் பார்த்துப் பழகியவள் 'பு'வுக்கும் அதே வளைவைப் போடுவாள். அதற்காகத் திட்டிவிடாதே தாயி. ஒரு விதியைத் தானே கண்டுபிடித்துப் பயன்படுத்தியிருக்கிறாள். அந்த விதி எங்கே நிற்கிறது என்பதுதான் பாக்கி. எழுத்துகளைச் சீட்டில் எழுதிக் கொடு, ஒன்றுபோல் இருப்பவற்றை அவளே கூட்டம் சேர்க்கட்டும்.

ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை 2022 முதல் அரசுப் பள்ளிகளில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் நடக்கிறது. அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லித் தருகிறார்கள். அவள் எந்த நிலையில் இருக்கிறாள் என்று டீச்சரிடம் கேட்டுக்கொள். வீட்டில், சரியாகச் சொன்னாலும் தப்பாகச் சொன்னாலும், எப்படிக் கண்டுபிடித்தாய் என்று ஒரு வார்த்தை கேள். பதில் சொல்ல நேரம் எடுப்பாள். அதுவரை நீ முந்திக்கொண்டு சொல்லிவிடாதே.