வங்கிக் கடனுக்குக் கடிவாளம் எங்கே இருக்கிறது?

நாம் போடும் டெபாசிட்டை எடுத்துத்தான் வங்கி அடுத்தவருக்குக் கடன் தருகிறது என்று பலரும் நினைக்கிறோம். நடப்பது வேறு. 20 லட்ச ரூபாய் வீட்டுக் கடன் சாங்ஷன் ஆகி வாடிக்கையாளர் கணக்கில் வரவாகும்போது, வங்கியின் ஏட்டில் கடனும் டெபாசிட்டும் ஒரே நேரத்தில் ஏறுகின்றன. அதுவரை இல்லாத பணம் அங்கே புதிதாக உருவாகிறது.

ஆனாலும் இஷ்டத்துக்கு எழுதிக்கொண்டே போக முடியாது. வீட்டை விற்றவருக்கு வேறு வங்கியில் கணக்கு இருந்தால், கடன் கொடுத்த வங்கி ரிசர்வ் வங்கியில் வைத்திருக்கும் தன் இருப்பிலிருந்து 20 லட்சத்தை அந்த வங்கிக்குக் கட்டியாக வேண்டும்.

டெபாசிட்டில் ரிசர்வ் வங்கியிடம் வைத்தாக வேண்டிய பங்கான ரொக்க இருப்பு விகிதத்தைத்தான் பாடப்புத்தகங்கள் பெரிதாகப் பேசும். 2025 நவம்பர் இறுதியில் அது 3 சதவீதத்துக்கு இறங்கியது. அதை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் 33 மடங்கு பணம் பெருக வேண்டும். நடைமுறையில் பணம் அதன் அருகில்கூட பெருகுவதில்லை. டெபாசிட்டில் 18 சதவீதம் அரசுப் பத்திரம் போன்றவற்றில் இருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. இந்த விகிதங்கள் குறைந்த மறுநாளே ‘கடன் மழை’ என்று தலைப்புப் போடுவது வாசகரைத் தவறான இடத்தைப் பார்க்க வைக்கிறது.

பார்க்க வேண்டியது மூலதனத்தை. கடனின் ஆபத்துக்கேற்ப அதற்கு ஓர் இடர் எடை உண்டு. எடை போட்டு வரும் தொகையில் குறைந்தது 9 சதவீதம் வங்கியின் சொந்த முதலாக இருக்க வேண்டும். 2023 நவம்பரில் தனிநபர் கடனின் எடையை ரிசர்வ் வங்கி 100-லிருந்து 125 சதவீதமாக உயர்த்தியது. 10 லட்சம் கடனுக்கு 90,000 ரூபாய் முதல் போதும் என்றிருந்தது 1,12,500 ஆனது. 35 சதவீத எடையுள்ள சிறு வீட்டுக் கடன் என்றால் அதே தொகைக்கு 31,500 போதும். யாருக்குக் கடன் எளிதாகக் கிடைக்கும் என்பதையும் இந்தக் கணக்கு தீர்மானிக்கிறது. அதனால்தான் இது சாமானியரும் கவனிக்க வேண்டிய விஷயம்.

டெபாசிட் மட்டும் இருந்தால் கடன் பெருகிவிடாது என்பதற்கு ஓர் உதாரணம்: 2016 நவம்பரில் பணமதிப்பிழப்புக்குப் பிறகு வங்கிகளில் டெபாசிட் கொட்டியது. கடன் வளர்ச்சியோ அந்த நிதியாண்டில் பல பத்தாண்டுகளில் இல்லாத அளவுக்குச் சரிந்தது. வாராக்கடன் பொதுத்துறை வங்கிகளின் முதலைத் தின்றுகொண்டிருந்தது. கடன் கேட்டு வரும் தொழில்களும் குறைவு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 2015 முதல் நலிந்த வங்கிகளுக்கான ரிசர்வ் வங்கியின் திருத்த நடவடிக்கைக் கட்டுப்பாட்டில் இருந்தது. அரசு முதல் போட்டு, வாராக்கடனும் குறைந்த பிறகு 2021 செப்டம்பரில்தான் அதிலிருந்து வெளியே வந்தது.